புஷ்பம் பார்த்து வைத்திருந்த கியர்

லொறி ஓட்டிய காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலை இறக்கத்தைச் செகண்ட் கியரில்தான் இறங்குவேன். பிறகு தோட்ட மேனேஜர் துரைக்கு டிரைவரானேன். அவருடைய புது ஜப்பான் காரில் கியர் தானாக மாறும் என்றதும், இனிப் பிரேக் மட்டும்தான் என் வேலை என்று நினைத்துவிட்டேன்.

அன்று துரை மேல்மலையில் இருந்தார். காய்ச்சலில் துவண்ட அவர் மகளை மடியில் கிடத்திக்கொண்டு பங்களா ஆயா புஷ்பம் பின்சீட்டில் இருந்தாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியதில் மூன்றாவது வளைவில் கருகல் வாடை அடித்தது. பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை போனது, கார் அடங்கவில்லை. எதிரே பள்ளம்.

"அண்ணே, துரை இங்க கியரை 'எம்' பக்கம் தள்ளி, மைனஸுல ரெண்டு தட்டு தட்டுவாரு. பார்த்திருக்கேன்!"

"சும்மா இரு புள்ள!" என்று கத்திக்கொண்டேதான் தட்டினேன். எஞ்சின் உறுமியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் கார் வேகம் குறைந்தது. 'எம்' என்பது கையால் கியரைக் குறைக்கும் பக்கம்; என் லொறியின் அதே செகண்ட் கியர் இதற்குள்ளும் இருந்திருக்கிறது.

மாலையில் துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எம்முல போட்டுத்தானே இறக்குன?"

"ஆமாங்க தொரை. அது தெரியாதுங்களா?"

"கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினார்.

காய்ச்சல் தணிந்த பிள்ளையோடு நின்ற புஷ்பம் என்னை ஒருமுறை பார்த்தாள். வழி சொன்னது அவள்தான் என்று அன்றே துரையிடம் நான் சொல்லியிருந்தால், இத்தனை வருஷம் கழித்து நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.