சின்னக்குண்டின் தம்பிக்கு ஒரு கவச உடுப்பு

சோதனைக்கூடத்தில் எல்லாரும் அவளைச் சின்னக்குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், பூசினாற்போல உடம்பு. வேலையோ நாள் முழுக்கத் துப்பாக்கிக் குண்டுகளோடு. பெயர் வைத்தவர், அங்கே சுடும் வேலை பார்க்கும் பெரியவர். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் அவளே போனை எடுத்து, "சின்னக்குண்டு பேசுறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

எண்ணெய் பிசைந்த களிமண்ணை இரும்புச் சட்டத்தில் அடைத்து, இதமாகச் சூடேற்றி, மேலே மட்டமாகச் சீவி வைப்பது அவள் வேலை. அதன்மேல் குண்டு துளைக்காத உடுப்பைக் கட்டுவார்கள். பெரியவர் சுடுவார். உடுப்பை அவிழ்த்தால், குண்டு துணியிலேயே நின்றிருந்தாலும் களிமண்ணில் ஒரு குழி விழுந்திருக்கும். குழி வரம்பை மீறினால், நெஞ்செலும்பு தாங்கியிருக்காது என்று அந்த உடுப்பைத் தள்ளிவிடுவார்கள். குழியை அளப்பதும் அவள்தான். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குளிர் நாட்களில் ஆளாளுக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு அவளுடைய சூட்டு அடுப்பைச் சுற்றி வந்து நின்றுவிடுவார்கள்.

அவளுக்கு ஒரே தம்பி. வங்கிப் பணம் ஏற்றிப்போகும் வண்டியில் காவல் வேலை கிடைத்ததும், சீருடையும் அதன்மேல் கவச உடுப்புமாக நேரே அக்கா வீட்டுக்கு வந்து நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"எந்தக் குண்டும் துளைக்காதாம்க்கா. எவ்வளவு லேசா இருக்கு பாரு!"

அவள் உடுப்பின் உட்புறத்தைத் திருப்பி, தைத்திருந்த அட்டையைப் படித்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"லேசாத்தான்டா இருக்கும். இது சட்டைப்பையில வெக்கிற சின்னத் துப்பாக்கிக்குத்தான் தாங்கும். உன் இடுப்புல இருக்கிறது என்ன?"

"நைன் எம்எம் பிஸ்டல்."

"அதையே இது தாங்காது. எவனாவது உன்கிட்டேருந்து பிடுங்கினாலோ, கூட இருக்கிறவன் துடைக்கும்போது கை தவறினாலோ என்ன பண்ணுவ?"

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் தலையை நிமிர்த்தினான். "மச்சான், பேசாம உங்க அக்காவையே முன்னாடி கட்டிக்கிட்டுப் போங்க. ஒரு குண்டும் தாண்டாது."

ஒரு துண்டு பறந்து வந்து அவன் முகத்தில் விழுந்தது.

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ பட்டாளத்துக்காரங்க போடுற மாதிரி தகடு வெச்சதையே வாங்கிடுறேன்."

"அதைச் சுமந்துக்கிட்டு நாள் முழுக்க வண்டியில ஏறி இறங்குவியா? ரெண்டாம் நாளே கழட்டி சீட்டுக்கு அடியில போட்டுடுவ. அது சீட்டைத்தான் காப்பாத்தும், உன்னை இல்ல."

தம்பி போய் மேலாளரிடம் சொன்னான். நல்ல மனுஷன், கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கியவர். மறுவாரம் உபரியாகக் கிடந்த அதே ரக உடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே சோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

பெரியவர் முதலில் சின்னத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு துணியில் நசுங்கி நின்றது. களிமண்ணில் கரண்டி அழுத்தியதுபோல ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

"பாத்தீங்களாம்மா!" மேலாளர் முகம் மலர்ந்தது.

அடுத்தது நைன் எம்எம். அவள் உடுப்பை அவிழ்த்தபோது, துணியைத் தாண்டிக் களிமண்ணுக்குள்ளும் ஓட்டை போயிருந்தது. மேலாளர் அதில் விரலை விட்டுப் பார்த்தார்.

பெரியவர் இன்னும் தடித்த துணி உடுப்பு ஒன்றைக் கட்டச் சொல்லி மறுபடி அதே துப்பாக்கியால் சுட்டார். குண்டு நின்றது. குழியும் வரம்புக்குள்தான்.

"இது எல்லாத்தையும் தாங்குமா?" என்று கேட்டார் மேலாளர்.

பெரியவர் மெல்லிய, கூர்மூக்கு ரைபிள் குண்டு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "பருமன்ல இது அந்தச் சின்னத் துப்பாக்கிக் குண்டு அளவுதான். ஆனா வேகம் ரெண்டு மூணு மடங்கு. துணியில செஞ்ச எதுவும் இதுக்குத் தாங்காது சார். தகடுதான் வேணும்."

"அப்போ நான் எதைத்தான் வாங்குறது?" பாவம், அழாத குறையாகக் கேட்டார்.

"உங்க ஆளுங்க இடுப்புல இருக்கிறதைத் தாங்கணும் சார்," என்றாள் அவள். "பொழுதுக்கும் கழட்டாம போட்டிருக்கவும் முடியணும். இப்போ குண்டு நின்னுச்சே, அந்த உடுப்பு ரெண்டுக்கும் சரியா வரும். உங்க ஊர் வண்டிக்கு ரைபிளோட எவனும் வந்ததா கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா, இதுவரைக்கும் இல்ல."

வண்டியில் போகிறவர்களுக்கெல்லாம் புது உடுப்பு வந்தது. முதல் நாள் தம்பி புழுங்குகிறது, இறுக்குகிறது என்று ஒரே புலம்பல். அக்கா அவனை வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, பக்கவாட்டுப் பட்டைகளை அவிழ்த்து அளவாகக் கட்டிவிட்டாள். உள்ளே போட, கணவனின் பருத்தி பனியன் இரண்டைத் தூக்கிக் கொடுத்தாள். "என்னோடதா?" என்று கேட்டவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவனை யாரும் சுடவில்லை. வண்டி போகும், வரும். ஒரு விடுமுறை நாளில் சாதாரணச் சட்டையில் சாப்பிட வந்தான். நாற்காலியில் உட்காரும்போது, நெஞ்சில் இல்லாத உடுப்பின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சரிசெய்துகொண்டான். நாள் முழுக்கப் போட்டே பழகியதில் அவனுக்கே அது தெரியவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு வயிறு நிறைந்துபோனது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா," என்று தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.