ட்ரைவர் சீற்றிலை நாலு மூட்டை அரிசி

இண்டைக்குப் பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க்கடையிலை இருபது கிலோ அரிசி மூட்டை நாலு வாங்கினன்.

கடைக்கார அண்ணை சிரிச்சார். "என்ன தம்பி, வீட்டிலை விசேஷமோ?"

விசேஷம் ஒண்டுமில்லை. பெட்டி பெட்டியா பாட்ஸ் எடுப்பிச்சு நான் தனியப் பூட்டிச் செய்த ரேஸ் காருக்கு இப்ப புது ஸ்பிரிங் போட்டிருக்கிறன். காரின்ரை உயரம் சரிபார்க்க ட்ரைவர் சீற்றிலை ஓராளின்ரை பாரம் இருக்கவேணும். நான் ஏறி இருந்தால் கீழை ஸ்பானர் பிடிக்க ஆளில்லை. என்ரை நிறை எண்பது கிலோ. அதுக்குத்தான் அரிசி.

இதைச் சனத்துக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? "ஓம் அண்ணை, சின்னப் பார்ட்டி" எண்டன்.

"அப்ப கனபேர் வருவினம்" எண்டு இரண்டு பக்கெற் அப்பளம் சும்மா தந்தார்.

திரான்சியிலை இருக்கிற என்ரை கராஜிலை மூட்டையளைச் சீற்றிலை அடுக்கி, சரிஞ்சு விழாமல் பெல்ட்டும் போட்டுவிட்டன். கீழை படுத்திருந்து முறுக்கேக்கை, "கொஞ்சம் அசையாமல் இருங்கோ" எண்டு அரிசிக்குச் சொல்லிப்போட்டன்.

அரிசி அசையேல்லை. கார் இப்ப நேரா நிக்குது.

ஞாயிறு மத்தியானம் சமைக்கப்போறன். அப்பளமும் இருக்கு. ஆர் ஆர் வாறியள், எத்தினை பேருக்கு உலை வைக்கிறது எண்டு கீழை கொமென்ற்றிலை எழுதுங்கோ.