கஞ்சி போட்ட நூல்

"ஏட்டி, பத்தாவது படிச்ச திமிருல தூண்டில் கம்புக்கு நூல் சுத்துதேன்னு நிக்கியே, தண்ணி பட்டா நிக்குமா?" என்றார் சித்தப்பா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்டேட்காரர்களுக்குப் பிரம்பில் தூண்டில் கம்பு செய்துகொடுத்த சங்கரன்கோவில் ஆசாரி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கம்பில் வைத்து வண்ண நூலால் சுற்றிக் கட்டும் வேலையை என்னிடம் தந்திருந்தார். முதல் கம்பு சரியாக அமைந்தால் தொடர்ந்து வேலை வரும். இல்லையென்றால் சித்தப்பாவின் தறிக்கூடத்தில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றத்தான் போக வேண்டும்.

சிவப்பும் பச்சையும் மாறி மாறிச் சுற்றியிருந்தேன். சேலைக்கரை போல அழகாக இருந்தது. ஆனாலும் சித்தப்பாவின் பேச்சு உறுத்த, ஆசாரி வருவதற்குள் கம்பைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தேன். வெளியே எடுத்தபோது விரலில் பசை வழுக்கியது. தொட்டதும் வளையம் ஆடியது. நெசவு வீட்டுப் பழக்கத்தில், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதுபோல இந்த நூலுக்கும் கஞ்சி போட்டிருந்தேன். சுற்றிய நூலை விறைப்பாக வைத்திருந்த அந்தக் கஞ்சி தண்ணீரில் கரைந்துவிட்டது. பிளேடை எடுத்தேன்.

சற்று நேரத்தில் வாசலில் சித்தப்பாவின் சைக்கிள் நின்றது.

"என்னட்டி, நின்னுச்சா?"

"நிக்கல சித்தப்பா."

அதற்குள் பழைய சுற்று முழுவதையும் பிளேடால் அறுத்துப் போட்டிருந்தேன். தண்ணீர் புகாமல் நூல்மேல் பூச, பக்கத்தில் வார்னிஷ் டப்பா திறந்திருந்தது. கஞ்சி போடாத நூல் கம்பில் ஏறத் தொடங்கியிருந்தது.