சிமிழுக்குள் இருந்த மண்

உறுதிசெய்துகொண்ட செய்திகளை மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒன்றை உறுதிசெய்யாமல் எழுதியதனால்தான் இந்தக் குழப்பமே விளைந்தது. அதைப் பற்றி எழுதும்போதும் அதே பிழையைச் செய்வது தகாது. என் கையெழுத்துப்படியில் இருப்பது, என் காதால் கேட்டது என்னும் இவ்விரண்டுக்கும் அப்பால் போகமாட்டேன்.

மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்தைச் சென்ற ஆண்டு மொழிபெயர்த்தேன். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் சண்டையிட்டு, ஆங்கிலத்திலேயே சமாதானமாகும் கதை அது. அதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் முதியவர் ஒருவர், ஊரிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தகரச் சிமிழில் வைத்திருப்பார். மாலைதோறும் ஒரு சிட்டிகை எடுத்து, நீர்விட்டுக் குழைத்து, இரு கைகளிலும் தடவிக் கண்மூடி அமர்ந்திருப்பார். இழந்த நாட்டை அவர் தொட்டுப் பார்க்கிறார் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கடைசி அதிகாரத்தில் பேத்தி அந்த மண்ணைத் தோட்டத்தில் தூவி, இனி இதுவே என் நாடு என்கிறாள். எல்லா இடங்களிலும் நான் 'பிறந்த மண்' என்று எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை.

மெய்ப்புப் பார்த்தவர் என் மனைவி. தாளும் கையுமாக அடுக்களையிலிருந்து வந்தார்.

"ஏங்க, இந்த மனுசனுக்குக் கையில சொறியா?"

"என்ன சொல்லுத?"

"பால் வெட்டுத கைல்லா, அரிச்சிருக்கும். இது நம்ம கோயில் புத்துமண்ணுங்க. போன மாசம் உங்க கழுத்துத் தேமலுக்கு எதக் குழைச்சுப் பூசுனீங்க? அப்ப நாட்டையா நெனச்சிட்டிருந்தீங்க?"

எங்கள் ஊர் சங்கரன்கோவில். இங்குள்ள கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தருவார்கள். தோல்நோய்க்குக் குழைத்துப் பூசுவது வழக்கம். இந்த ஊரிலேயே பிறந்து, அந்த மண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவன் நான். ஆங்கிலத்தில் வந்ததும் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சிமிழ் கற்பனையா என்று கேட்டேன்.

"இல்ல சார், என் தாத்தாவோடது. நானே பார்த்திருக்கேன். அவர் ஊரு சங்கரன்கோவில் பக்கம்னு அம்மா சொல்வாங்க."

புற்றுமண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"கையில புண்ணு இருந்துச்சு சார். நாவல்ல அசிங்கமா இருக்கும்னு நான்தான் எடுத்துட்டேன்." பிறகு கேட்டார்: "உங்க ஊர்க்காரங்க படிச்சா சிரிப்பாங்களா?"

சிரிப்பார்கள் என்றேன். பொய் சொல்ல நா எழவில்லை.

"அப்ப நான் எழுதுனது மொத்தமும் பொய்யா சார்? அந்தச் சிமிழ் மேலதான் என் புத்தகமே நிக்குது."

அவர் கேட்டதை அருகில் நின்ற என் மனைவியிடம் சொன்னேன். அவரும் இப்போது குழம்பியிருந்தார்.

"வெறும் மருந்துன்னா என்னைக்கோ தீர்ந்திருக்கும்லா? இத்தன வருசம் சிட்டிகை சிட்டிகையா ஏன் மிச்சம் பிடிச்சாரு?"

அந்தக் கேள்வியை அப்படியே தொலைபேசியில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஆசிரியர், தாம் நீக்கிய புண்ணைத் தமிழில் மட்டும் சேர்த்துவிடும்படி மூன்று வரிகள் அனுப்பினார். முடிவை மாற்ற வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

வரிகளைச் சேர்த்தேன். 'பிறந்த' என்பதை எல்லா இடங்களிலும் அடித்தேன். அவ்விடத்தில் 'புற்று' என்று எழுதப் போனபோது கை நின்றது. அதையும் நான் உறுதிசெய்திருக்கவில்லை. வெறும் 'மண்' என்றே விட்டுப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். ஆசிரியருக்கு நான் செய்தது உதவியா, அவர் புத்தகத்தைக் கெடுத்துவிட்டேனா என்று இன்னும் துணியமுடியவில்லை.

அந்த முதியவரின் கையில் புண் இருந்தது. அந்த மண் எங்கள் கோயிலுடையதுதானா என்பது தெரியாது. சிமிழ் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. கண்மூடி அமர்ந்திருந்தபோது அவர் எதை நினைத்தார் என்பதும் தெரியாது.