முகக்கவசத்துக்குள் ஓர் இருமல்

போன ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது இது. ஸ்கூடாய்க்கு அருகில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் ஊருக்குப் போய்விட, அந்த வாரம் உயிரணு வளர்ப்பு அறையில் இருந்தது நாங்கள் இரண்டே பேர்: நானும், ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவும்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு ஊசியாகப் போடும் ஆன்டிபாடி மருந்தை வெறும் ரசாயனங்களைக் கலந்து செய்துவிட முடியாது. உயிரணுக்கள்தான் அதைச் சுரக்க வேண்டும். உறைய வைத்த ஒரு சிறு குப்பியில் தொடங்கி, சின்னக் குடுவை, பெரிய குடுவை என்று மாற்றிப் பெருக்கி, கடைசியில் தொட்டியில் விடுவோம். வாரக்கணக்கில் ஆகும். தினமும் எண்ணிப் பார்க்க வேண்டும், மூன்று நாளைக்கு ஒரு முறை புதுத் திரவத்துக்கு மாற்ற வேண்டும். அணுக்களுக்கு ஞாயிறும் தெரியாது, பெருநாளும் தெரியாது. தொடர்ந்து பன்னிரண்டு நாள் வேலைக்கு வந்து, கால் எது தரை எது என்று தெரியாத நிலையில் இருந்தேன். தொண்டையில் வேறு கரகரப்பு.

உடை மாற்றும் அறையில் தினமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காய்ச்சல், இருமல், தொண்டைவலி உண்டா? 'ஆம்' என்று குறித்தால் உள்ளே போகக் கூடாது, மருத்துவரிடம் எம்.சி. என்ற விடுப்புச் சான்று வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். நான் 'இல்லை' என்று குறித்தேன். தொடர்ந்து மூன்று நாள்.

ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அப்பா காய்ச்சலோடும் போய் நின்றிருக்கிறார். உடம்பு முடியவில்லை என்று சொல்வது எங்கள் வீட்டில் ஏதோ தப்பு செய்ததைப் போல. அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட எம்.சி. எடுத்ததில்லை. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொள்வேன்.

அக்கா சிம்பாங் ரெங்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். தேவாலயத்துப் பாடல்களை முகக்கவசத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் வேலை செய்வார். திறந்த குடுவைக்கு முன்னால் பேசக்கூடாது, பாடக்கூடாது என்பது விதி. இரண்டு முறை கண்டித்தும் அவர் விடவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க டிகிரி மேடம். என்ன, தவளை மாரி கத்துறீங்க? எம்.சி. எடுத்துட்டுப் போய்ப் படுலா. நான் பார்த்துக்கிறேன்."

"ஒண்ணும் இல்லக்கா. ஏர்கோன் குளிரு."

"ஏர்கோனுக்கு உன்னை மட்டும்தான் புடிக்குதா?" என்று சிரித்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

காற்றை வடிகட்டி வீசும் கண்ணாடிக் கூண்டுக்குள் குடுவையைத் திறந்து வைத்திருந்தபோதுதான் அந்த இருமல் வந்தது. அடக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலைந்து முறை இருமினேன். கவசம் நனைந்துவிட்டது. நனைந்தால் வெளியே போய் மாற்ற வேண்டும். அதற்கு மறுபடி கை கழுவி, உடை மாற்றி, கையுறை போட்டு வர இருபது நிமிடம் ஆகும். எனக்கு இருந்த களைப்பில் அந்த இருபது நிமிடம் மலையாகத் தெரிந்தது. நனைந்த கவசத்தோடே மிச்ச வேலையை முடித்தேன். அக்கா முதுகைக் காட்டி நின்றிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து எல்லாரும் வந்த பிறகு, தொட்டியில் விடுவதற்கு முன் செய்த சோதனையில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி இருப்பது தெரிந்தது. மிகச் சின்னது. திரவம் கலங்காது, அணுக்களும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு குடுவையில் வந்தால், அது இருந்த வளர்ப்புப் பெட்டியில் உள்ள அத்தனை குடுவைகளையும் அழிக்க வேண்டும். ஆறு வார உழைப்பு. இது மனிதர்களின் வாயிலும் தொண்டையிலும் வாழும் வகை என்று அடுத்த சோதனை சொன்னது.

முந்தைய சோதனையில் சுத்தமாக இருந்த அந்தக் குடுவையை விடுமுறை வாரத்தில் தொட்டது நாங்கள் இருவர்தான். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். பாடுகிறவர் அவர்தானே. ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது. இந்த முறை புதுப்பிக்க மாட்டார்கள் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் படிவம் சுத்தமாக இருந்தது.

நான்கு நாள் பேசாமல் இருந்தேன். சளி இல்லாதவர் வாயிலும் இந்தக் கிருமி இருக்கும், அவர் பாட்டாலும் வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஐந்தாம் நாள் காலை, வீணான குடுவைகளையெல்லாம் அக்கா கிருமிநாசினியில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன். பாட்டு இல்லை. ஒவ்வொரு குடுவையாகக் கவிழ்த்து, அதன் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். "இந்த மாசத்தோட வேற வேலை பார்க்கணும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. இருமியது, கவசத்தை மாற்றாதது, மூன்று நாள் 'இல்லை' என்று குறித்தது, எல்லாவற்றையும் மலாயில் சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. கோப்பிலிருந்து அந்த மூன்று படிவங்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் என் கையெழுத்து, பள்ளிப் பரிசு வாங்கிய அதே அழகான எழுத்து. "இருமல் யாருக்கும் வரும். இந்தத் தாளில் பொய் எழுதினால், இதற்குப் பிறகு நீ எழுதும் எந்த எண்ணை நான் நம்புவது?" என்று கேட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிருமி யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிக்கையில் எழுதினார்கள். அக்காவின் ஒப்பந்தம் நீடித்தது, ஆனால் ஆறு மாதத்துக்கு அல்ல, மூன்றே மாதத்துக்கு.

பிறகு ஒரு நாள் இருவரும் வளர்ப்புப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "உங்களுக்குத்தான் தெரியுமே அக்கா, எனக்கு இருமல்னு. ஏன் சொல்லல?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "நாலு நாளா பார்த்தேன், நீயா சொல்றியா இல்லையான்னு."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நானே போய்ச் சொல்லிருப்பேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உன் டிகிரிக்கு நான் எதுக்குமா பலியாவணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்தான். அதுதான் வலித்தது.

சில மாதம் கழித்து மறுபடி தொண்டைவலி வந்தது. முதல்முறையாக 'ஆம்' என்று குறித்துவிட்டுத் திரும்பினேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "உடம்பு முடியலன்னா அங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். "மாட்டாங்கப்பா, அவங்களே போகச் சொல்றாங்க" என்றேன். "நல்ல எடம்தான்" என்றார். அந்த நல்ல இடத்தில் நான் என்ன செய்தேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் மறுபடி புதுப்பிக்கப்பட்டு, அக்கா இப்போதும் எனக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறார். 'டிகிரி மேடம்' என்று கிண்டல் செய்கிறார், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார், ஆனால் அந்த அறையில் அவர் பாடுவதே இல்லை. விதிப்படி அது சரிதான். ஆனாலும் விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் காலை நேரங்களில், படிவத்தில் நான் போட்ட அந்த மூன்று 'இல்லை'தான் அவருடைய பாட்டை எடுத்துப் போனது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.