பிரைவேற்றாய் ஒரு சோதினை

மூன்று வருடம் நாடு நாடாய்த் திரிந்துவிட்டு நான் ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது, அக்கா வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்தது ஹோலில் ஒரு சோபா மட்டும்தான். சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடி. அதே மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டில் தியாகலிங்கம் அங்கிளின் குடும்பம் இருந்தது. அவருடைய மகள் ரதியை நான் முதலில் கண்டது கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில். மெஷின் ஓடி முடியும் வரைக்கும் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

"நீங்கள்தானே உலகம் சுத்திப்போட்டு வந்த அக்கா?"

"ஓம்."

"பள்ளிக்கூடம் முடிச்சிட்டோ போனனீங்கள்?"

"முடிச்சிட்டுத்தான்."

"முடிச்சும் சோபாவிலைதானே படுக்கிறீங்கள்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அதற்குப் பிறகு உடுப்பு இல்லாத நாளிலும் இருவரும் அந்த அறையில் போய் இருப்போம். அங்கே சூடாக இருக்கும். வெளியே 1998இன் குளிர்காலம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

ரதி கனடாவுக்கு வந்தது பதினான்கு வயதில். அங்கிள் முன்னரே வந்துவிட்டார். தாயும் ரதியும் தம்பி ஜதுர்சனும் விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் நெடுங்காலம் காத்திருந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் பள்ளிக்கூடம் இல்லை. இங்கே வந்ததும் ரதியை ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளின் வகுப்பில் போட்டார்கள். அவளைவிட இரண்டு வயது இளையவனான ஜதுர்சனுக்கு ஆங்கிலம் தடிமன் காய்ச்சல் தொற்றுவதுபோலத் தொற்றிக்கொண்டது. அவன் வருடத்துக்கு ஒரு வகுப்பாய் ஏறி வந்தான். அவள் ஒவ்வொரு பாடமாய்ப் பின்தங்கினாள். இந்த வருடம் இருவரும் பதினோராம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஒரே அறைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அவன் முன்வரிசை. அவள் பின்னால், யன்னலோரம். நடைபாதையில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் போவார்கள்.

"ஒருநாள் மிஸ் எங்கள் ரண்டு பேரையும் சோடியாப் போட்டா" என்றாள் ரதி. "'நீ சும்மா இரு, நான் செய்யிறன்' எண்டான். உவன் நக்கலுக்குச் சொல்லேல்லை அக்கா. எனக்கு உதவி செய்யத்தான் சொன்னவன். அதுதான் கூட நொந்தது."

அப்போதுதான் யாரோ ஒரு சிநேகிதி அவளுக்கு ஜி.ஈ.டி பற்றிச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு சோதினை எழுதினால், பள்ளிக்கூடம் முடித்ததற்குச் சமமான சான்றிதழ் கிடைக்கும். விடுவதா இருப்பதா என்று ரதிக்குத் தெரியவில்லை. ஒரு நாள் விட்டுவிடுவாள், அடுத்த நாள் திரும்பச் சேருவாள், எல்லாம் மனதுக்குள்.

"நீங்கள் அப்பாவிட்டைச் சொல்லிப் பாருங்கோ அக்கா. நான் சொன்னால் கரைச்சல்."

"அடிப்பாரோ?"

"இல்லை. அழுவார்." பிறகு சொன்னாள், "எப்பிடியும் அவர் விடமாட்டார்."

சுமையை எங்காவது இறக்கி வைக்க இடம் கண்டவர்களின் முகம்போல இருந்தது அதைச் சொன்னபோது அவள் முகம்.

அங்கிளுக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கொம்பனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார். அன்றைக்கு அவர் செய்கிற முதல் வேலை, பிள்ளைகளின் கிழமை முழுவதற்குமான உடுப்புகளை அயன் பண்ணுவது. ஜீன்ஸைக்கூட மடிப்பு விழ அயன் பண்ணுவார். ஜதுர்சன் லிஃப்டில் வைத்து அந்த மடிப்பைக் கையால் தேய்த்து அழிப்பதை நானே கண்டிருக்கிறேன். வேலைக்குப் போகும் நாளிலும் விடிய எழும்பி லிஃப்ட் வரைக்கும் வந்து, கதவு மூடுமுன் "வடிவாப் படியுங்கோ" என்று இருவருக்கும் சொல்லித்தான் அனுப்புவார்.

நான் போனபோது யோகமலர் அன்ரி பிளேன்ரீ தந்தார். ஜதுர்சன் ரீவியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தான். ரதி குசினி வாசலில் நின்றாள். நான் ஜி.ஈ.டி பற்றிச் சொல்லச் சொல்ல, அங்கிளின் அயன்பெட்டி மெல்ல மெல்ல நின்றது. அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப உது பிரைவேற்றாய் எடுக்கிற சோதினையெண்டு சொல்லும்!" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏன் பிள்ளை இதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை?"

யாழ்ப்பாணத்தில் அவர் காலத்தில் அது வெட்கப்படுகிற காரியமே அல்ல. பள்ளிக்கூடத்தை விட்டு, ரியூட்டறியில், தனியார் வகுப்பில் படித்து, தனியாக விண்ணப்பித்து ஏ.எல் என்ற உயர்தரச் சோதினையை எழுதலாம். அவரும் அப்படித்தான் எழுதி, பாஸ் பண்ணி, கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் கிளார்க் ஆனவர்.

"பள்ளிக்கூடத்திலை ஏறாத கெமிஸ்ரி எனக்கு ரியூட்டறியிலை ஏறினது. சோதினை எண்டால் சோதினைதான். ஆர் எங்கை இருந்து படிச்சதெண்டு பேப்பர் திருத்திறவனுக்குத் தெரியுமோ?"

"இஞ்சை அப்பிடியில்லை அங்கிள். இது இடையிலை விட்ட ஆக்களுக்கெண்டு வைச்சது. யூனிவர்சிற்றிக்கு நேரை போறதெண்டால் பள்ளிக்கூடத்திலை கடைசி வருசம் வரைக்கும் படிக்கவேணும்."

"அதைப் பிறகு பாப்பம். முதல் இது கையிலை வரட்டும்."

"குமர்ப்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலை இருந்தால் சனம் என்ன கதைக்கும்?" என்றார் அன்ரி.

"நான் பிரைவேற்றாய் எடுக்கேக்கை உன்ரை கொப்பரும் உப்பிடித்தான் கேட்டவர். பிறகு பொம்பிளையும் தந்தவர்."

"அது அவர் விட்ட பிழை."

அங்கிள் அதற்கும் சிரித்தார். ரதி என்னைப் பார்த்தாள். மறிக்க வேண்டியவர் மறிக்கவில்லை. இனி யார் மறிப்பது என்று கேட்பதுபோலப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் ஜதுர்சன் ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"அப்பா, தட்ஸ் ஃபோர் ட்ரொப்-அவுட்ஸ்."

"நான் எடுக்கிறன் அப்பா" என்றாள் ரதி.

வெளியே வந்து அவளைப் பிடித்துக் கேட்டேன். "உனக்கு உண்மையா விருப்பமோ?"

"அப்பா ஓமெண்டிட்டார்தானே."

"அவர் விளங்காமல் ஓமெண்டவர், ரதி."

"நீங்கள் விளங்கப்படுத்தினனீங்கள்தானே அக்கா."

ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு ரதியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அங்கிள், மொழிபெயர்க்க. மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அந்தப் பெண் நல்லவராய்த் தெரிந்தார். அவசரப்பட வேண்டாம் என்றார். வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், ரதிக்கு ஆகிவிட்டது, அது பிரச்சினை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு முழு வருடம் கழிந்த பிறகுதான் சோதினைக்கு இருக்கலாம் என்றார். இது அங்கிளை நிறுத்திவிடும் என்று நம்பி, நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

"படிக்கிறதுக்கு ஒரு வருசம் லீவு விடுகினம்!" என்றார் அங்கிள். "எங்கடை நாட்டிலை உப்பிடி விட்டவங்களோ?"

"லீவில்லை அங்கிள். அது காத்திருக்கிற காலம். ஒருத்தரும் படிப்பிக்க மாட்டினம்."

"அதுக்கென்ன, ரியூசன் போட்டுவிடுவன்." அந்தப் பெண்ணைப் பார்த்து, "தாங்க் யூ, மேடம்" என்றார். என்னத்துக்கு நன்றி என்று தெரியாமல் அந்தப் பெண்ணும் தலையாட்டினார். பிறகு ரதியிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாய், இது உன்னுடைய விருப்பமா என்று கேட்டார்.

ரதி தகப்பனைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அவர் வந்த நேரமெல்லாம் கதிரை நுனியில் இருந்து அவளுடைய குறைகளைக் கேட்டுவிட்டுப் போனவர். இன்றைக்குத்தான் சாய்ந்து இருந்தார்.

"யெஸ்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் லீவு போட்டு அவரும் நானும் சப்வேயும் பஸ்ஸும் பிடித்து ஸ்காபரோவில் ஒரு ரியூட்டறிக்குப் போனோம். தமிழ்க் கடையொன்றுக்கு மேலே இரண்டு அறை. யாழ்ப்பாணத்தில் ரியூட்டறி நடத்திய சீமோன் மாஸ்ரர் இங்கேயும் அதையே நடத்தினார். அங்கிள் நல்ல சேர்ட் போட்டு வந்திருந்தார். மகள் பிரைவேற்றாய் எடுக்கப் போகிறாள், ஜி.ஈ.டி என்றார். மாஸ்ரர் சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

"பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போட்டீங்களோ அண்ணை?"

"ஓம். போன கிழமை."

"என்னட்டை வாறதெல்லாம் பள்ளிக்கூடம் போற பிள்ளையள். பள்ளிக்கூடத்தை விட்டுட்டு இஞ்சை ஒருத்தரும் வாறேல்லை." அவருடைய குரல் தணிந்தது. "வேலைக்குக் கேட்டால் அந்தச் சேட்டிபிக்கற்றைக் காட்டலாம். வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற ஏ.எல் இது இல்லை அண்ணை."

நான் சொன்னதையேதான் அவரும் சொன்னார். சோக்குத் தூள் படிந்த கையோடு ஒருவர் சொன்னபோதுதான் அது அங்கிளுக்குள் இறங்கியது.

திரும்பும் வழியில் பஸ்ஸால் இறங்கி சப்வேக்கு மாறும்போது அங்கிள் கேட்டார்.

"நீர் இதை அண்டைக்கே சொன்னனீர், என்ன பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

"திரும்பச் சேர்ப்பினமே?"

நான் போன் பண்ணி விசாரித்தேன். சேர்ப்பார்களாம். ஆனால் இடையில் விட்டதால் செப்டெம்பரில், அதே பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் சொல்ல நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, வெல்லெஸ்லி வீதியில் இருக்கும் ஒரு கோப்பிக் கடையில் ரதிக்கு வேலை கிடைத்திருந்தது. கடைத் தொப்பியோடு நின்று கேட்டாள்.

"செப்டெம்பரிலை தம்பி எத்தினையாம் வகுப்பு?"

ஜதுர்சன் எழும்பி அறைக்குள் போய்விட்டான்.

"இவ்வளவு நாளும் அவனோடை ஒரே வகுப்பு. இனி அவனுக்குக் கீழ் வகுப்பிலை போய் இருக்கட்டோ?"

அப்படிக் கேட்டுவிட்டு அவள் அங்கேயே நின்றாள். வேலைக்கு நேரமாகியும் போகவில்லை. 'போ' என்று தகப்பன் ஒரு சொல் சொன்னால் போயிருப்பாள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவர் சொல்லவில்லை. 'ஓம்' என்று சொன்ன வாயால் இனி எதையும் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்ரி அவரைப் பார்த்தார். நான்தான், "ஒரு வருசம்தானே ரதி, கண்ணை மூடி முழிக்கப் போயிடும்" என்றேன்.

"எந்த வருசம் அக்கா?" என்றாள். "அதுவோ, இதுவோ?"

பள்ளிக்கூடத்தில் திரும்ப இருக்கும் வருடமா, சோதினைக்குக் காத்திருக்கும் வருடமா. எனக்கே தெரியவில்லை. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனாள்.

செப்டெம்பர் வந்தது. அவள் திரும்பச் சேரவில்லை. சோதினைக்கென்று வாங்கிய தடித்த புத்தகம் ரீவிக்கு மேலே இருக்கிறது. கலியாண வீடுகளில் யாரும் கேட்டால் அங்கிள் இப்போதும், "மகள் பிரைவேற்றாய் எடுக்கிறா" என்றுதான் சொல்கிறார். முன்புபோல உரத்துச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜதுர்சனின் ஜீன்ஸோடு ரதியின் கோப்பிக் கடைச் சேர்ட்டையும் சேர்த்து அயன் பண்ணுகிறார்.

ஒரு காலை நானும் அவர்களோடு லிஃப்டில் நின்றேன். தம்பி தோளில் பையோடு, ரதி அந்தச் சேர்ட்டோடு. சேர்ட்டுக் கைகளில் மடிப்பு நேராய் விழுந்திருந்தது. அங்கிள் வழக்கம்போல் வாசலில் நின்றார். கதவு மூடத் தொடங்கியது.

"வடிவாப் படியுங்கோ" என்றார், பழக்கத்தில், இருவருக்கும். சொன்ன பிறகு வாயைப் பொத்த எடுத்த கை பாதியில் நின்றது.

ஜதுர்சன் நிலத்தைப் பார்த்தான்.

"ஓமப்பா" என்றாள் ரதி.