ஐந்து தங்கைகளும் ஒரு சித்தப்பாவும்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று தன் பயோடேட்டாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "பத்திரிகை ஆபீஸ்ல இருந்தவங்கதான தாத்தா, கொஞ்சம் பாத்துக் குடுங்க." ஒரே பக்கம். படிப்பு, பழகிய வேலை, தெரிந்த கம்ப்யூட்டர் விஷயங்கள். திருத்த ஒன்றுமில்லை. ஆனாலும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எங்கே, தங்கைகள் எங்கே என்று கண் தானாகத் தேடியிருக்கிறது. தாளை மோந்துகூடப் பார்த்தேன். வாசனையே இல்லை.

எங்கள் காலத்து விண்ணப்பத்தில் கார்பன் தாள் வாடை இருக்கும். தூத்துக்குடியில் அடித்ததென்றால் கருவாட்டு வாடையும் சேரும். டைப் அடித்துத் தரும் அண்ணாச்சி, கடற்கரைச் சாலையில் கருவாட்டு மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கி வாசலில்தான் மெஷினை வைத்திருந்தார். தாள்கள் காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு சங்கு.

யுத்த காலம். அரிசிக்கு ரேஷன் வந்ததும் ஏரலில் எங்கள் அரிசிக்கடை படுத்துவிட்டது. நான் பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தேன். கப்பல் ஏஜென்சிகளுக்கு நானே எழுதிப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. மார்க்கு, வயது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது, இவ்வளவுதான் அவற்றில் இருந்தது. உண்மையை மட்டும் எழுதுகிறோம் என்று கொஞ்சம் பெருமை வேறு. அப்பா பார்த்தார். ஒருநாள் என்னை டைப் அண்ணாச்சியிடம் கூட்டிப் போனார்.

அண்ணாச்சிக்கு ஒரு முறை உண்டு. படிப்பை ஒரு வரியில் முடித்துவிடுவார். அப்புறம் கஷ்டம்தான். அவரிடம் வந்த எவனுக்கும் கல்யாண வயதில் ஐந்து தங்கைகள். எனக்கு இருந்தவள் ஒருத்தி. அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி மட்டும் பத்தாது, பாத்துக்கிடுங்க. சம்பாதிக்க அப்பா இருக்காருன்னு தெரிஞ்சா, அவரு பாக்கட்டும்னு ஆபீஸ்காரன் தூக்கிப் போட்டுருவான்" என்றார் அவர்.

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆழத்தில் ஒரு கப்பல் நின்றது. அந்நாளில் கப்பல் கரைக்கு வராது. தோணிகள் போய்ச் சரக்கை எடுத்துவரும்.

"அப்பம் நான் இல்லன்னே போடும்" என்றார் அப்பா.

மெஷின் நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க."

"காயிதத்துலதானவே. அடியும்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் முறுக்கினேன்.

"ஏலே, சாகப்போறவன் நானு. ஒனக்கு எங்க வலிக்கி?"

ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்துவிட்டது. பின்னாளில் பத்திரிகையில், உயிரோடிருப்பவரைச் செத்ததாகப் போட்டுவிட்டு மறுநாள் வருத்தம் தெரிவித்திருக்கிறோம். இதற்கு மறுநாள் இல்லை.

ஹெட்கிளார்க் சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். என் தாளை எடுத்துத் தனியே வைத்தது அதனால்தான் என்று அவரே சொன்னார். மத்தியானம் அவருடைய தூக்குச்சட்டியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தச் சோற்றை அவர் முகம் பார்த்துச் சாப்பிடப் பல மாதமாயிற்று.

அப்பா டவுனுக்கு வந்தால் ஆபீசுக்குள் வரமாட்டார். எதிரே உப்பு மூட்டைகளின் ஓரமாக நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் ஹெட்கிளார்க் அதைக் கவனித்து, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "யாருப்பா இவரு? அடிக்கடி இங்கன நிக்காரு."

அப்பாவே முன்னால் வந்தார். "தம்பிக்குச் சித்தப்பா, சார். அண்ணன் போனதுக்குப் பெறவு நாந்தான் ஒரு எட்டு வந்து பாத்துக்கிடுதேன்."

"கவலப்படாதேயும். ஒம்ம அண்ணன் மவன் தங்கமான பையன்."

"அண்ணன் இருந்து இதக் கேட்டிருக்கணும்" என்றவர் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். ஹெட்கிளார்க் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன்பிறகு வீட்டுக் கதவைத் தட்டும்போதுகூட, "சித்தப்பா வந்திருக்கேன்ல" என்பார். அம்மாவுக்குத்தான் அது பிடிக்காது.

யுத்தம் முடிந்த பிறகு, தோணியில் பஞ்சுப் பொதி ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஏரலிலிருந்து ஆள் வந்தது. அப்பா போய்விட்டார். சித்தப்பா போய்விட்டதாகச் சொல்லி லீவு கேட்டேன்.

"சித்தப்பாதான?" என்றார் ஹெட்கிளார்க். "ஆழத்துல கப்பல் நிக்கி. கொள்ளி வைக்க அவரு பிள்ளைக இருக்கும்லா? சரக்கு ஏறட்டும், நாளக்கிப் போயேன்."

"அவருக்குப் பிள்ளை இல்ல சார். நான்தான் வைக்கணும்."

அனுப்பிவிட்டார். நான் மொட்டைத் தலையோடு திரும்பியபோது ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "பாருங்கவே, சித்தப்பனுக்கு எவன் இம்புட்டுச் செய்வான்?"

அந்த ஏஜென்சி இப்போது இல்லை. கப்பல்கள் கரையிலேயே வந்து கட்டுகின்றன. கிட்டங்கி வாசலில் இன்று என்ன இருக்கிறதென்று போய்ப் பார்க்கத் தெம்பில்லை. என் விண்ணப்பமும் பழைய காகிதங்களோடு எடைக்குப் போயிருக்கும். அப்பா இறந்துவிட்டார் என்று எழுதிய காகிதம், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அன்று அண்ணாச்சி மெஷினிலிருந்து தாளை உருவியதும், சரியாக அடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.